ஒப்பு விரல்

சரக்குக் கலம் கார்முகில்
சரக்குடன் செல்பவரின் குறிப்பேடு
எழுதுபவர்: சென்னியப்பன், மருத்துவக் கருவி வியாபாரி, பெருந்துறை

பயண நாள் 31 — 07:00

குளிர் அறை நான்கு டிகிரி. மருந்துப் பெட்டி பதினெட்டும் சரி. நோமானி நாற்பதும் சரி. ஒன்றைப் பிரித்து ஓட்டிப் பார்த்தேன், வேலை செய்கிறது.

சரக்கோடு போகிறவன் தினம் குறிப்பு எழுத வேண்டும் என்பது கப்பல்காரர்களின் விதி. யார் படிப்பார்கள் என்று தெரியாது. படிப்பவருக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். சீரீஸ் என்னும் குறுங்கோளின் சுரங்கத்தில் புதிதாக ஆஸ்பத்திரி திறக்கிறார்கள், அதற்கான சாமான் என்னுடையது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பஞ்சும் கட்டுத்துணியும் தலைச்சுமையாகக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விற்றேன். இன்று நோமானி என்றால் என் பெயரைச் சொல்லுவார்கள். நோயாளியின் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினால் வலியை எண்ணாகக் காட்டும் கருவி அது. சைபர் முதல் பத்து வரை.

கலத்தில் மூன்று பேர். கேப்டன் இல்யாஸ், மெக்கானிக் அமலோற்பவம், நான். அமலோற்பவம் மணப்பாட்டுக்காரி, நாற்பது வயது இருக்கும். காலையில் அறைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, அந்த மெஷின்ல ஒண்ண நம்ம கேப்டனுக்குக் கட்டிப் பாருங்க. நான் வச்ச குழம்பத் தின்னுட்டு மூணு நாளா மூஞ்சியத் தூக்கிட்டுத் திரியுதாரு. எத்தன காட்டுதுன்னு பாப்போம்."

கேப்டனும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"பத்துக்கு மேல அதுல இல்லையாம்மா?"

மற்றபடி எழுத ஒன்றும் இல்லை.

பயண நாள் 33 — 10:25

இடித்தது. கல்லா, உடைந்த கலம் எதுவுமா, தெரியவில்லை. முன்பக்கம் போய்விட்டது. கேப்டன் அங்கேதான் இருந்தார்.

நடுவழி வெளிக்குத் திறந்து கிடக்கிறது. இரண்டு பக்கமும் கதவுகள் தாமாக மூடிக்கொண்டன. நான் குளிர் அறையில். அமலோற்பவம் பின்னால், இயந்திர அறையில். அறைபேசி வேலை செய்கிறது.

"அண்ணாச்சி, இருக்கீயளா? கருவி அடுக்கு எம்மேல விழுந்துட்டு. இடுப்புக்குக் கீழ என்னமோ ஒடஞ்சிருக்கு. பரவாயில்ல. கேப்டன் பேசமாட்டேங்காரு."

கேப்டன் போய்விட்டார் என்று சொன்னேன். அவள் ஏதோ ஜெபம் சொன்னாள்.

பயண நாள் 33 — 16:40

தொலைத்தொடர்பு ஆன்டெனா தப்பித்திருக்கிறது. செவ்வாய்ச் சுற்றுநிலையத்தில் டாக்டர் ரிஸ்வானா கிடைத்தார். நான் பேசினால் அங்கே போய்ச் சேரப் பதினான்கு நிமிடம். பதில் வர இன்னும் பதினான்கு.

நிலைமை இது. மீட்புக் கலம் கிளம்பிவிட்டது, நாற்பத்தைந்தாம் நாள் வரும். எனக்கு இங்கே காற்றும் தண்ணீரும் தனி, குறை இல்லை. அமலோற்பவத்தின் பக்கம் காற்றைச் சுத்தம் செய்யும் சல்லடையின் மோட்டார் எரிந்துவிட்டது. அதற்குக் கைப்பிடி உண்டு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை இருநூறு சுற்று சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் அந்த அறைக் காற்று கெடும். அடுக்குக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அந்த அறையிலேயே இருக்கும் சிகிச்சைப் படுக்கையில் படுத்திருக்கிறாள். அங்கிருந்து கைப்பிடி நான்கு மீட்டர். ஊர்ந்து போகிறாள்.

நல்லது ஒன்று. அந்தப் படுக்கையில் பொருத்தியிருப்பதும் நான் விற்ற நோமானிதான். அவள் பட்டை காட்டும் எண் கம்பி வழியாக இங்கே என் காட்சிப் பலகைக்கு வரும். படுக்கைக்குப் போகும் மருந்துக் குழாயும் இந்தக் குளிர் அறையிலிருந்துதான் போகிறது. திறப்பதும் மூடுவதும் என் கையில். அவள் முகம் மட்டும் தெரியாது.

டாக்டர் சொன்னது: "மருந்து முழு அளவுல குடுத்தா ஆறு நாள்தான் வரும் சார். உங்களுக்குப் பன்னிரண்டு நாள் வேணும். வலியப் பாத்துப் பாத்துக் குடுங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் முதல்ல அவங்ககிட்ட கேளுங்க. அவங்க சொல்றதுதான் அளவு. மெஷின் அதுக்கப்புறம்."

டாக்டர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். முப்பது வருஷமாகக் கேட்கிறேன்.

பயண நாள் 34 — 07:10

நோமானிக்குத் தினமும் ஒரு ஒப்பு விரல் வேண்டும். நோயில்லாத ஒருவர் பலகையின் தட்டில் விரலை வைக்க வேண்டும், தட்டு மெல்லச் சூடேறும், வலிக்கிற இடத்தில் பொத்தானை அமுக்க வேண்டும். கருவி அந்த இடத்தை மூன்று என்று குறித்துக்கொள்ளும். அந்த மூன்றை வைத்துத்தான் நோயாளியின் எண்ணைக் கணக்குப் போடும். இங்கே நோயில்லாதவன் நான் ஒருவன்தான். வைத்தேன், அமுக்கினேன்.

பிறகு டாக்டர் சொன்னபடி கேட்டேன். "அம்மிணி, சைபர்னா வலியே இல்லீங்க. பத்துன்னா தாங்கவே முடியாதுங்க. உங்களுக்கு எத்தனைங்க?"

"எட்டுன்னு போடுங்க அண்ணாச்சி."

பலகை ஐந்து காட்டியது.

அவள் பொய் சொல்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. சந்தையில் யாரும் முதலில் சொல்கிற விலையை விலையென்று எடுத்துக்கொள்வதில்லை. சொல்கிறவருக்கும் அது தெரியும். நேற்றுப் பரவாயில்லை என்றாள், இன்று எட்டு என்கிறாள், நடுவில் ஐந்து. கருவியோடு வரும் மருந்துப் பட்டியலில் ஐந்துக்கு அரை அளவு. கொடுத்தேன்.

டாக்டருக்கு ஐந்து என்றே அனுப்பினேன்.

பயண நாள் 36 — 13:20

ஒப்பு விரல் வைத்தேன். எண் நான்கு.

கைப்பிடி ஒழுங்காகச் சுற்றுகிறாள். சுற்றும்போது எண்ணுவது அறைபேசியில் கேட்கிறது. நூறு வரை உரக்க, அதற்குப் பிறகு உதட்டுக்குள். இருநூறானதும் சிறிது நேரம் மூச்சு மட்டும் கேட்கும்.

அறையை நான்கு டிகிரியிலேயே வைத்திருக்கிறேன். சூடேற்றிக்கொள்ளலாம், ஆனால் எட்டுக்கு மேல் போனால் மருந்து கெடும். இரண்டு கோட்டுப் போட்டிருக்கிறேன். கையுறை போட்டால் பலகை விரலைத் தெரிந்துகொள்வதில்லை, அதனால் வெறுங்கை. பெரிய சங்கடம் ஒன்றும் இல்லை.

பொழுது போகவில்லை. ஆகையால் ஒரு தொழில் விஷயம். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பெரிய எண் பிடிக்காது. ஒரு வார்டில் எட்டும் ஒன்பதுமாக ஓடினால், கவனிப்பு சரியில்லை என்று மேலிடத்திலிருந்து கடிதம் வரும். இதை நான் முதல் வருஷமே கண்டுகொண்டேன். கருவியைப் பொருத்தும் அன்று ஒப்பு விரலுக்கு நானே உட்காருவேன். தட்டு சூடேறும். மற்றவர்கள் கையை எடுக்கிற இடத்தில் நான் பெரிய டாக்டரிடம் சுரங்கத்துச் செய்தி பேசிக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகும் கொஞ்சம் பொறுத்துத்தான் அமுக்குவேன். பட்டென்று வார்டு முழுக்க எண் இறங்கும். பெரிய டாக்டர் முகம் மலரும். தினமும் நர்ஸ் ஒருவர் புதிதாக ஒப்பு விரல் வைக்க வேண்டும் என்பது விதி, ஆனால் என் விரல் கொடுத்த எண் பிடித்துப்போனால் அதையே விட்டுவிடுவார்கள்.

இதில் பொய் என்ன இருக்கிறது? என் விரலுக்கு வலித்தது அங்கேதான். நான் கொஞ்சம் பொறுப்பவன், அவ்வளவுதான்.

பயண நாள் 38 — 07:30

எண் மூன்று. கால் அளவு மருந்து.

அவளுக்குச் சம்மதமில்லை.

"அண்ணாச்சி, கால் அளவு பத்தாது. கைப்பிடிக்கிட்ட போவயில இடுப்புக்குள்ள எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒரசுது. எனக்குச் சத்தம் கேக்கு."

"மூணுதானுங்க காட்டுது அம்மிணி. குணமாயிட்டு வருது. உங்களுக்கே தெரியலீங்க."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. அந்த மெஷின இங்ஙன அனுப்பிவிடுங்க. அது வந்து சுத்தட்டும். நான் அங்ஙன ஒக்காந்து எண் பாக்கேன்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். பாதியில் நின்றுவிட்டது.

மருந்து அருமையாக மிஞ்சுகிறது. இப்படியே போனால் நாற்பத்தைந்தாம் நாளையும் தாண்டி வரும்.

பயண நாள் 39 — 07:40

எண் இரண்டு. பட்டியலில் மூன்றுக்குக் கீழே மருந்து இல்லை. குழாயை மூடினேன்.

டாக்டர் ரிஸ்வானா நேற்றைய எண்களைப் பார்த்துவிட்டு அனுப்பியது: "இடுப்பெலும்பு ஒடஞ்சவங்க, கட்டுப் போட ஆள் இல்ல, தினம் நாலு தடவ ஊர்ந்து போறாங்க. ஆறாவது நாள்ல மூணுன்னா எனக்குப் புரியல சார். அவங்க என்ன சொல்றாங்க? அவங்க சொன்ன எண்ண நீங்க எனக்கு இதுவரைக்கும் அனுப்பவே இல்ல."

பதில் அனுப்பினேன். நோயாளி சொல்வதும் கருவி சொல்வதும் ஒன்றாக இருந்தால் கருவியே வேண்டியதில்லையே டாக்டர் என்றேன். இதே வாக்கியத்தை நூறு ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறேன். எடுபடாமல் போனதில்லை.

அவர் திரும்பப் பேச இருபத்தெட்டு நிமிடம் ஆனது. "அவங்ககிட்ட கேளுங்க சார்" என்று மட்டும் வந்தது.

அமலோற்பவத்திடம் கேட்டேன். "ரெண்டுன்னா ரெண்டுதான் அண்ணாச்சி. நான் என்னத்தச் சொல்ல" என்றாள்.

இரண்டு என்று அவளே ஒப்புக்கொண்டதாக டாக்டருக்கு அனுப்பினேன்.

பயண நாள் 39 — 19:10

சுற்று எண்ணிக்கை நூற்றைம்பதோடு நின்றது. கேட்டதற்கு, நாளைக்குச் சேர்த்துச் சுற்றுகிறேன் என்றாள்.

பயண நாள் 40 — 13:20

மீட்புக் கலத்திலிருந்து ஆதிமூலம் என்பவர் பேசினார். அங்கே அவர்தான் பொறுப்பு. கலம் இப்போது பக்கத்தில் வந்துவிட்டதால் மூன்று நிமிடத்தில் சேதி போகிறது.

"சார், வணக்கம். இன்னொரு கலத்துலேர்ந்து உதவி கேக்குறாங்க. ஏழு பேரு, கொதிகலன் வெடிச்சிருக்கு. நோமானியில எட்டு, ஒன்பதுன்னு ஓடுது. உங்க ஆளுக்கு ரெண்டு. எண் பாத்துத்தான் யாருகிட்ட முதல்ல போறதுன்னு எங்களுக்கு விதி. அவங்கள முடிச்சிட்டு அம்பதாம் நாள் உங்ககிட்ட வந்துடுவோம். உங்க சம்மதம் வேணும் சார், பதிவுக்காக."

ஏழு பேர், ஒன்பது. இங்கே ஒருவர், இரண்டு. யோசிக்க என்ன இருக்கிறது? மருந்தும் கைவசம் நிறைய இருக்கிறது. சம்மதம் என்று அனுப்பிவிட்டேன்.

பிறகு அவளிடம் சொன்னேன்.

"நீங்களே சரின்னுட்டீயளா அண்ணாச்சி."

"ஏழு பேருங்க அம்மிணி. அஞ்சு நாள்தானுங்களே கூட."

"ஏங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அதற்குப் பிறகு அறைபேசியில் கைப்பிடிச் சத்தம் மட்டும். தொண்ணூறு எண்ணினேன். அவள் எண்ணவில்லை, நான்தான் எண்ணினேன்.

பயண நாள் 41 — 07:20

ஒப்பு விரல் வைத்தேன். தட்டு சூடேறியது. பொறுத்தேன். இன்னும் வலிக்கவில்லை. மேலும் பொறுத்தேன்.

ஏதோ கருகும் வாசனை. கம்பி எரிகிறதோ என்று பலகைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். கம்பியில் ஒன்றும் இல்லை.

என் விரல்.

ஆள்காட்டி விரல் நுனி வெளுத்துக் கொப்பளித்திருக்கிறது. அதன் கீழே பழைய கொப்புளம் ஒன்று உடைந்து காய்ந்திருக்கிறது. அது எப்போது வந்ததென்று எனக்குத் தெரியாது.

ஊசியை எடுத்து ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்தேன். பத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் வருகிறது. குளிர். எட்டு நாளாக நான்கு டிகிரியில் வெறுங்கை.



பயண நாள் 41 — 08:05

புரிந்ததை எழுதுகிறேன். நாளுக்கு நாள் என் விரல் மரத்துக்கொண்டு வந்திருக்கிறது. நாளுக்கு நாள் தாமதமாக அமுக்கியிருக்கிறேன். அதனால் என் மூன்று நாளுக்கு நாள் பெரிதாகியிருக்கிறது, அவள் எண் நாளுக்கு நாள் சிறுத்திருக்கிறது. அவளுக்குக் குணமாகவே இல்லை.

முதல் நாள்கூட, விரல் நன்றாக இருந்தபோதுகூட, பழக்கத்தில் பொறுத்துத்தான் அமுக்கினேன். பார்க்கிறதற்குப் பெரிய டாக்டர் யாரும் இல்லாத இடத்தில்.

கழுத்தில் இன்னும் உணர்ச்சி இருக்கிறது. தட்டைக் கழற்றிக் கழுத்தில் வைத்துக்கொண்டேன். வலித்த அந்த நொடியே அமுக்கினேன்.

9.4.

முப்பத்தொன்பதாம் நாளிலிருந்து மருந்தே இல்லாமல் அந்த எண்ணோடு ஊர்ந்துபோய்ச் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

எத்தனை வார்டு, எத்தனை பிரசவ அறை என்று நினைக்கத் தொடங்கினேன். நிறுத்திவிட்டேன். இப்போது அதற்கு நேரமில்லை.

பயண நாள் 41 — 09:10

குழாயை முழுதும் திறந்தேன். ஆதிமூலத்துக்கும் டாக்டருக்கும் உள்ளது உள்ளபடி அனுப்பினேன். என் விரல் செத்துவிட்டது, எட்டு நாளாக அனுப்பிய எண் எதையும் நம்பாதீர்கள், உடனே திரும்புங்கள்.

ஆதிமூலம்: "சார், நேத்து ரெண்டு, இன்னிக்கு ஒன்பதுங்கிறீங்க. நீங்க வித்த மெஷின்தானே அது. எத நம்பறது நான்?"

டாக்டர் இடையில் பேசி அவரைத் திருப்பியிருக்கிறார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை. ஆனால் மீட்புக் கலம் அதற்குள் வேகமெடுத்து அந்த ஏழு பேர் பக்கம் திரும்பிவிட்டது. அந்த வேகத்தை அடக்கி மறுபடி இங்கே வர நாற்பத்தாறாம் நாள் ஆகும். அந்த ஏழு பேரிடம் வேறு ஒரு கலம் போகிறது.

எனக்கு டாக்டரிடமிருந்து வந்தது இது: "முழுசாத் தொறக்காதீங்க சார். அவ்வளவு மருந்துக்குத் தூங்கிடுவாங்க. தூங்கினா கைப்பிடிய யாரு சுத்துறது? வலி தாங்கற அளவுக்கு, ஆனா முழிச்சிருக்கற அளவுக்கு. அந்த இடம் எங்கன்னு மெஷினுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். கேட்டுக் கேட்டு வைங்க."

பயண நாள் 41 — 09:15

கேட்டேன்.

"அம்மிணி, தப்பு என்மேலீங்க. விரல் மரத்துப்போச்சுங்க எனக்கு. உங்க எண்ணெல்லாம் தப்பாப் போட்டுட்டேன். இப்பச் சொல்லுங்க. எத்தனைங்க?"



"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி. நீங்களே பாத்துப் போட்டுக்கோங்க."

"இல்லீங்க. நீங்கதான் சொல்லோணும். மருந்து இருக்குதுங்க, நிறைய இருக்குது. எவ்வளவு வேணும்?"

"பரவாயில்ல."

முதல் நாள் அடுக்கு மேலே விழுந்து கிடந்தபோதும் இதைத்தான் சொன்னாள். அப்போது எனக்கு அது சின்ன எண்ணாகக் கேட்டது. இப்போது என்ன எண் என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு நாளாக அவள் சொன்ன ஒவ்வொன்றையும் நான் பேரம் பேசிக் குறைத்திருக்கிறேன். சொல்லி ஆகப்போவதில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவள் இடத்தில் நானும் அப்படித்தான் செய்வேன்.

பாதியாகத் திறந்து வைத்தேன். ஊகம்தான்.

பயண நாள் 42 — 13:00

கழுத்தில் ஒப்பு. 7.

சுற்று அறுபது. அடுத்த தடவை நாற்பது.

இருநூறுக்கு நாற்பது போதாது. அவள் பக்கத்துக் காற்றில் கரியமில வாயு ஏறுகிறது. தலை வலிக்கும், குழம்பும். கையில் பலம் போகும்.

மருந்து மட்டும், அரை அளவில், இன்னும் ஏழு நாளைக்கு இருக்கிறது. அத்தனையும் நான் மிச்சம் பிடித்தது.

இரண்டு அறைக்கும் நடுவில் காற்றில்லாத நடுவழி பதினோரு மீட்டர். இந்த அறையில் விண்ணுடை இல்லை. இருந்ததெல்லாம் முன்பக்கத்தில். கதவு வரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தேன். திறந்தால் நானும் போவேன், மருந்துக் குழாயும் உறைந்து அறுந்துபோகும், அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. யோசித்துத்தான் சொல்கிறேன்.

பயண நாள் 42 — 19:20

பேசிக்கொண்டே இருந்தால் தூங்கமாட்டாள் என்று பேசினேன். மணப்பாட்டில் என்ன மீன் விசேஷம் என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, உங்களுக்கு மீனே புடிக்காதே. என் குழம்ப மோந்துகூடப் பாக்கல நீங்க."

"இப்பப் புடிக்குமுங்க."

"ஏமாத்து."

இதற்குச் சிரித்தாள். பிறகு, தானாகவே சொன்னாள்.

"கொஞ்சம் கொறைங்க அண்ணாச்சி. கண்ணு சொக்குது. வலிச்சாத்தான் அங்ஙன வரைக்கும் போவ முடியும்."

குறைத்தேன். ஒரு புள்ளி கூடவோ குறையவோ இல்லாமல், அவள் போதும் என்ற இடத்தில் நிறுத்தினேன். பத்து நாளில் முதல் தடவையாக அவள் சொன்னதைச் சொன்னபடி செய்தேன்.

எண்பது சுற்றினாள்.

பயண நாள் 43 — 08:00

கழுத்தில் ஒப்பு. 8. சுற்று ஐம்பது. நடுவில் மூன்று தடவை நின்றாள். என்ன எண்ணில் இருக்கிறோம் என்று என்னைக் கேட்டாள், சொன்னேன். பிறகு, கேப்டன் சாப்பிட்டாரா என்று கேட்டாள்.

டாக்டருக்கு அனுப்பினேன். பதில் வரும்வரை நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னது: "கரியமில வாயு தலைக்கு ஏறுது சார். மருந்த முழுசா மூடுங்க. மூச்ச அது இன்னும் மெதுவாக்கும். வலிக்கும். அவங்ககிட்ட சொல்லிட்டு மூடுங்க."

சொன்னேன். "சரி" என்றாள். 07:52க்கு மூடினேன்.

பயண நாள் 43 — 13:00

கைப்பிடி நேரம். அவள் போகவில்லை. கூப்பிட்டேன்.

"வாரேன்" என்றாள். போகவில்லை.

எண் 6.

மருந்து மூடி ஐந்து மணி நேரமாகிறது. எண் ஏறியிருக்க வேண்டும்.

தட்டைக் கழுத்தில் வைத்து மறுபடி பார்த்தேன். உதட்டில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். மூன்று இடத்திலும் வலித்த உடனே அமுக்கினேன். மூன்று தடவையும் அவள் எண் ஒன்றேதான்.

அளவு சரியாக இருக்கிறது.

13:40

4.8.

கத்திக் கூப்பிட்டேன். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன், கோபத்திலாவது எழுந்திருப்பாள் என்று. அவள் அம்மா பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன்.

14:15

3.5. பட்டை கழன்றிருக்குமோ என்று பார்த்தேன். தொடர்பு சரி, துடிப்பு இருக்கிறது.

சின்ன எண்ணைப் பார்த்தால் எனக்கு வயிறு குளிரும். வியாபாரத்தில் அப்படித்தான் இருந்தேன்.

14:38

2.

"அம்மிணி. ஒரு எண் சொல்லுங்க. எதுன்னாலும் சரிங்க. நீங்க சொல்றத அப்படியே எழுதிக்கறேன். குறைக்கமாட்டேன்."

அறைபேசி திறந்துதான் இருக்கிறது.

14:51

0.7

14:58

0

பட்டையில் துடிப்பும் இல்லை. கன்னத்தைக் கடித்துப் பார்த்தேன். வலிக்கிறது. எனக்கு வலிக்கிறது.

15:06

பலகை எண்ணைத் தானாகவே மீட்புக் கலத்துக்கு அனுப்பிவிடும். அப்படி அமைத்துத்தான் விற்கிறோம். இப்போது அங்கிருந்து வந்தது, ஆதிமூலம்:

"சார், சைபர் பாத்தோம். மனசுக்கு நிம்மதியா இருக்கு. மருந்து வேல செய்யுது போல. அவங்களத் தூங்க விடுங்க, எழுப்பாதீங்க. நாங்க நாப்பத்தாறுக்கு வந்துடுவோம். அவங்ககிட்ட சொல்லுங்க சார்."

அவருக்கு நான் என்ன எண் அனுப்புவது?